எரிபொருள் அழுத்தச் சோதனை

எரிபொருள் அழுத்தச் சோதனை என்பது, ஊர்தியின் தொட்டியிலிருந்து பொறிக்குச் செல்லும் பெட்ரோல் அல்லது டீசல் உரிய அழுத்தத்துடனும் உரிய அளவிலும் சென்று சேர்கிறதா என்பதைக் கருவிகள் கொண்டு அளந்தறியும் முறையாகும். எரிபொருளைத் தொட்டியிலிருந்து இழுத்துப் பொறிக்குத் தள்ளும் உறுப்பு எரிபொருள் பம்பு எனப்படுகிறது. தமிழ் நூல்களில் இது எரிபொருள் எக்கி எனவும் வழங்கும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டால் பம்பு பழுதாகிவிட்டது எனக் கொண்டு, எதையும் அளக்காமல் அதை மாற்றிவிடும் வழக்கம் பணிமனைகளில் பரவலாக உள்ளது. அழுத்தக் குறைவு என்பது ஒரு விளைவு மட்டுமே. பம்பின் தேய்மானம், அடைபட்ட வடிகட்டி, பழுதுற்ற அழுத்தச் சீராக்கி, துருப்பிடித்த மின் இணைப்பு, தொட்டியில் தேங்கிய நீர் ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம். மின் இணைப்பிலுள்ள குறைக்காகப் புதிய பம்பு பொருத்தினால், பெரும் செலவுக்குப் பின்னும் வண்டி அதே இடத்தில் நிற்கும். அழுத்தம், அளவு, மின்சாரம் ஆகிய மூன்றையும் அளந்த பிறகே பம்பின் மேல் குற்றம் சாட்ட இயலும்.

அழுத்தத்தின் பங்கு

பெட்ரோல் உட்செலுத்து முறையில் இயங்கும் வண்டியில், கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை. இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. குழாயில் அழுத்தம் குறித்த அளவில் நிற்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் அக்கணக்கு முழுவதும் அமைந்துள்ளது. அழுத்தம் தாழ்ந்தால் அதே மில்லிவினாடிகளில் குறைவான பெட்ரோலே உள்ளே செல்லும், கலவை மெலியும்.

இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்த வேறுபாடு 3 பாரிலிருந்து 2 பாராக, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், பாயும் பெட்ரோல் ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே குறைகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இக்குறையைக் கணினிக்கு அறிவிக்கும். கணினியும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து ஈடுகட்டிவிடும். ஆகவே நலிந்த பம்புடன் ஒரு வண்டி பல வாரங்கள் குறையேதும் தெரியாமல் ஓடக்கூடும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும் நாளில்தான் குட்டு வெளிப்படும். "நேற்று வரை நன்றாக ஓடியது" என்னும் உரிமையாளரின் கூற்று பெரும்பாலும் உண்மையே. ஆனால் பழுது நேற்றுத் தொடங்கியது என்று அதற்குப் பொருளல்ல.

அழுத்தம் பார், கிலோபாஸ்கல், பிஎஸ்ஐ ஆகிய அலகுகளில் குறிக்கப்படுகிறது. 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. கார்புரேட்டர் கொண்ட பழைய கார்களின் பம்பு 0.2 முதல் 0.4 பார் வரை மட்டுமே தரும். உள்ளிழுப்புக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் கார்களில் பொதுவாக 2.5 முதல் 4 பார் வரையும், உட்செலுத்து முறை இருசக்கர வண்டிகளில் 3 பாரை ஒட்டியும் அழுத்தம் இருக்கும். உருளைக்குள் நேரடியாகப் பெட்ரோலைச் செலுத்தும் பொறிகளில் தொட்டியிலுள்ள பம்புக்கு அப்பால் இன்னொரு உயரழுத்தப் பம்பும் உண்டு. அதன் வெளியீடு 50 பாரில் தொடங்கி 200 பாரையும் தாண்டும். பொதுத்தடம் எனப்படும் காமன் ரயில் டீசல் பொறிகளில் 1,600 பாரும் அதற்கு மேலும் எட்டப்படுகிறது. இவை பொதுவான எல்லைகளே. ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு அதன் பணிமனைக் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. 3.8 பார் வேண்டிய காரில் 3 பார் காட்டினால் அது பழுது. 3 பார் வேண்டிய இன்னொன்றில் அதுவே நலம்.

கார்புரேட்டரிலிருந்து உட்செலுத்து முறைக்கு

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்கக்கால மாருதி 800 ஆகிய கார்களில், பொறியின் கேம் தண்டால் அசைக்கப்படும் சவ்வுப் பம்பு பொருத்தப்பட்டிருந்தது. இதில் மின்சாரத்துக்கு வேலையில்லை. சவ்வு கிழிந்திருக்கிறதா, வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பம்பைக் கழற்றிக் கையால் இயக்கியே அறிந்துவிடலாம். கோடைக்காலத்தில் பொறியின் சூட்டால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள முடியாமல் பம்பு வீணே அசையும். இது ஆவியடைப்பு எனப்படும். கத்திரி வெயிலில் நின்றுபோன அம்பாசடரின் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் காத்திருந்து கிளப்புவது வாடகைக் கார் ஓட்டுநர்களின் கைவைத்தியமாக இருந்தது. அறிவியல் நோக்கிலும் அது சரியான சிகிச்சையே. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது.

பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் அப்போது பம்பே கிடையாது. தொட்டி மேலேயும் கார்புரேட்டர் கீழேயும் இருந்ததால் புவியீர்ப்பே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க, குழாயைக் கழற்றிப் பிடித்தால் போதும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் விளைவாகப் பெட்ரோலில் ஓடும் புதிய இருசக்கர வண்டிகளுள் பெரும்பாலானவை உட்செலுத்து முறைக்கு மாறின. டிவிஎஸ் நிறுவனத்தின் எக்ஸ்எல் 100 மொபெட்டும் இதற்கு விலக்கில்லை. தமிழகக் கிராமங்களின் சுமைதாங்கியான இவ்வண்டியே கணினியும் மின்பம்பும் பெற்ற பிறகு, எரிபொருள் அழுத்தம் என்பது கார்ப் பணிமனைகளின் தனிச்சொத்தாக இருந்த நிலை முடிவுக்கு வந்தது.

சிறு நகரப் பணிமனைகளில்

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் இம்மாற்றத்தைக் காண ஏற்ற ஊராகும். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. திருநெல்வேலிக்கு இங்கிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். விசைத்தறி நெசவும் சுற்றுவட்ட வேளாண்மையும் ஊரின் முதன்மைத் தொழில்கள். நூல் மூட்டை, துணிக்கட்டு, பூக்கூடை, உரமூட்டை ஆகியவற்றைச் சுமப்பவை மொபெட்டுகளும் சுமை ஆட்டோக்களும் சிறு சரக்கு வண்டிகளுமே. ஆடித்தபசு நாட்களில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வரும் வண்டிகள் இவற்றோடு சேரும். இத்தகைய நகரங்களில், உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிகள் பெரும்பாலும் சாலையோரச் சிறு பணிமனைகளுக்கே வருகின்றன. அங்கே கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டுவதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. அழுத்தமானி எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

கருவி இல்லாத இடத்தில் ஊகம் வந்து அமர்கிறது. உட்செலுத்து முறை மொபெட் ஒன்றின் பம்புத் தொகுதியின் விலை, பழைய கார்புரேட்டர் பழுதுநீக்கச் செலவைப் போலப் பல மடங்கு. நாள் கூலியில் வாழும் ஒருவருக்கு அது பல நாள் வருமானமாகும். அவர் இழப்பது பணம் மட்டுமன்று. வண்டி நிற்கும் நாட்களின் பிழைப்பும் உடன் போகிறது. சாதாரண அழுத்தமானியும் இணைப்புக் குழாய்களும் ஒரு மல்டிமீட்டரும் பெரிய முதலீடல்ல. தேவையின்றி மாற்றப்படும் ஒருசில பம்புகளின் விலைக்குள் அவை அடங்கிவிடும்.

தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்பு தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலாலேயே குளிர்விக்கப்படுகிறது. அதன் உராய்வைத் தணிப்பதும் பெட்ரோலே. நூறு ரூபாய்க்கு மட்டும் நிரப்பி, எச்சரிக்கை விளக்கு எரிய எரிய ஓட்டுவது பலரின் வழக்கம். வறுமை காரணமாக அமையும் வழக்கத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. எனினும் இவ்வாறு ஓடும் பம்பு காற்றையும் அடிவண்டலையும் சேர்த்து இழுத்து விரைவில் தேய்கிறது என்பதை ஓட்டுநர் அறிந்திருப்பது நலம்.

அறிகுறிகளும் மயக்கங்களும்

அழுத்தம் குறைந்த வண்டி காலையில் கிளம்ப நெடுநேரம் எடுக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது தயங்கும். வேகம் கூடும்போது இழுவை குன்றும். சூடேறிய பின் நின்று, ஆறிய பின் மீண்டும் கிளம்பும். இவற்றுள் ஒன்றுகூட எரிபொருள் பழுதுக்கு மட்டும் உரியதன்று. தேய்ந்த ஸ்பார்க் பிளக், நலிந்த தீப்பொறிச் சுருள், அடைபட்ட காற்று வடிகட்டி, தண்டின் சுழற்சியை அறியும் உணரியின் பழுது ஆகியவையும் இதே வேடத்தில் வரும்.

கணினியில் பதிவாகும் எரிபொருள் திருத்த அளவு இங்கே பெரிதும் உதவும். இதைப் படிக்க ஸ்கேனர் கருவி தேவை. வெறுமனே நிற்கும்போது திருத்தம் இயல்பாகவும், பாரம் ஏறும்போது கூட்டல் திசையில் மிகுந்தும் காணப்பட்டால், எரிபொருள் போதவில்லை என்று கொள்ளலாம். மாறாக, நிற்கும்போது மிகுந்து, வேகம் கூடும்போது இயல்புக்குத் திரும்பினால், உள்ளிழுப்புக் குழாயில் எங்கோ காற்று கசிகிறது. பின்னதற்குப் பம்பு மாற்றுவது முழு வீண்.

அழுத்தம் மிகையாதலும் ஒரு பழுதே. திரும்பு குழாய் நசுங்கினாலோ சீராக்கி அடைபட்டாலோ அழுத்தம் ஏறும். கரும்புகை, பெட்ரோல் வாடை, குறைந்த மைலேஜ் ஆகியன அப்போது தோன்றும். பம்பின் மேல் யாரும் ஐயம் கொள்ளாத நிலை இது.

சோதனைக்கு முன்

பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஒரு சிறு பொறி போதும். குழாயைக் கழற்றுமுன் உள்ளிருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்பின் ஃபியூஸ் அல்லது ரிலேயை எடுத்துவிட்டு, பொறி தானே நிற்கும் வரை ஓடவிடுவது வழக்கமான முறை. பின் இணைப்பைத் துணியால் மூடி மெதுவாகத் தளர்த்த வேண்டும். வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பொறி சூடாக இருத்தல் கூடாது. தொட்டியைத் திறப்பதாயின் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுவது இன்றியமையாதது. கழற்றிய பம்பை வெளியே வைத்து, இரு கம்பிகளை மின்கலத்தில் தொட்டு "ஓடுகிறதா" எனப் பார்க்கும் பழக்கம் உண்டு. பெட்ரோல் நனைந்த பம்பின் அருகே பொறி பறக்கச் செய்யும் இச்செயலை விட ஆபத்தானது இத்துறையில் குறைவு.

பெட்ரோல் வண்டியில் சோதனை

முதல் கருவி செவியே. சாவியைத் திருப்பியதும் தொட்டியிலிருந்து இரண்டு அல்லது மூன்று வினாடி மெல்லிய இரைச்சல் எழுந்து அடங்க வேண்டும். கணினி பம்பை ஓட்டி அழுத்தத்தை முன்கூட்டியே ஏற்றும் ஒலி அது. ஒலி இல்லையெனில் பம்பைத் தொடுமுன் ஃபியூஸ், ரிலே, சாவித் திருட்டுத் தடுப்பு அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இருசக்கர வண்டியாயின் கைப்பிடியிலுள்ள நிறுத்து பொத்தானையும், வண்டி சாய்ந்தால் பம்பை நிறுத்தும் சாய்வு உணரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்து பொத்தான் அணைந்திருந்ததால் பணிமனைக்குத் தள்ளிவரப்பட்ட வண்டிகள் எண்ணற்றவை.

ஒலி இருந்தும் அழுத்தம் இல்லையெனில், பம்புக்கு வரும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். இணைப்பைக் கழற்றி வைத்து அளந்தால், ஒரே ஒரு கம்பி இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட்டைக் காட்டிவிடும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கார்ப் பம்பு ஒன்று 6 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். துருப்பிடித்த இணைப்பின் தடை வெறும் 0.2 ஓம்தான் என்றாலும், 1.2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். 7 வாட்டுக்கும் சற்று மேலான வெப்பம் அப்புள்ளியில் எழும். பம்பின் வேகம் குறைவதோடு, இணைப்பின் நெகிழி உறையும் நாளடைவில் கருகும். மின்கலத்துக்கும் பம்புக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் முதலில் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். நேர்முனைப் பக்கம் மட்டுமன்றி, வண்டிச் சட்டத்தில் பொருத்தப்படும் எதிர்முனை இணைப்பையும் அளப்பது முக்கியம். மறக்கப்படுவது பெரும்பாலும் அதுவே.

அடுத்து அழுத்தமானி. சில கார்களின் எரிபொருள் தண்டில் சோதனை முனை உண்டு. பிறவற்றில் மூவழி இணைப்பின் மூலம் மானியைக் குழாயின் நடுவே பொருத்த வேண்டும். சாவியைத் திருப்பியதும், பொறி நிதானமாக ஓடும்போதும், திடீரென முறுக்கும்போதும், இயன்றால் பாரத்தோடு ஓட்டும்போதும் அளவைக் குறிக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, பாரத்தில் 3.5 பாரிலிருந்து 2.2 பாருக்கு இறங்கும் வண்டியில், பம்பு தேய்ந்திருக்கலாம். அல்லது வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அழுத்தமானியால் மட்டும் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது.

பிரிப்பதற்கு அளவுச் சோதனையும் மின்னோட்டச் சோதனையும் உதவுகின்றன. குழாயைத் தகுந்த கலனில் விட்டு, குறித்த வினாடிகளில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது எனப் பார்க்க வேண்டும். கார்களில் அரை நிமிடத்துக்கு அரை லிட்டர் என்பது தோராயமான எதிர்பார்ப்பு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளந்தால் அடைப்பு எங்கே என்பது தெளிவாகும். மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, அடைப்பை எதிர்த்துத் தள்ளும் பம்பும் உள்ளே உராயும் பம்பும் வழக்கத்தை விட மிகுதியாக இழுக்கும். வெறுமையாகச் சுழலும் பம்போ, தேய்ந்து பிடிப்பிழந்த பம்போ குறைவாக இழுக்கும். மின்னோட்டம் குறைந்து, மின்னழுத்தம் சரியாக இருந்து, தொட்டியில் பெட்ரோலும் இருந்து, வடிகட்டியும் தெளிவாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், அப்போது பம்பைக் குற்றவாளி எனலாம்.

தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபடுவது அற்பமாகத் தோன்றும் பழுது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழையாவிடில் தொட்டியில் வெற்றிடம் உருவாகிப் பம்பின் இழுவையைத் தடுக்கும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்து, அதன்பின் வண்டி சிறிது தொலைவு நன்றாக ஓடினால் காரணம் அதுவே. செலவே இல்லாத இச்சோதனையை முதலிலேயே செய்துவிடலாம்.

பொறியை நிறுத்திய பின் அழுத்தம் சிறிது நேரம் தங்க வேண்டும். உடனே இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. பம்பிலிருந்து வரும் இரப்பர் குழாயை உரிய இடுக்கியால் அழுத்தி மூடிய பின் அழுத்தம் நின்றால், பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வு பழுது. திரும்பு குழாயை மூடியபின் நின்றால், சீராக்கி பழுது. இரண்டாலும் நிற்காவிடில் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. நெகிழிக் குழாய்களை இவ்வாறு நசுக்கக் கூடாது, அவை வெடிக்கும். வெற்றிடக் குழாய் இணைந்த பழைய வகைச் சீராக்கியில், அக்குழாயைக் கழற்றினால் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் உயர வேண்டும். கழற்றிய குழாயில் பெட்ரோல் நனைந்திருந்தால் உள்சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். வேறு சோதனை வேண்டியதில்லை.

டீசல் வண்டிகள்

டீசல் பொறியில் பழுதுகளின் பெரும் பங்கு பம்புக்கு முன்னால், இழுக்கும் பக்கத்தில் உள்ளது. அங்கே கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். "ஏர் லாக்" என ஓட்டுநர்கள் கூறும் நிலை இதுவே. வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால், காற்றுக் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். கைப்பம்பால் காற்றை வெளியேற்றினால் வண்டி கிளம்பும். ஆனால் மறுநாளும் அதுவே நிகழ்ந்தால், காற்று புகும் வாயைத் தேடாமல் மீண்டும் மீண்டும் காற்றெடுப்பதில் பயனில்லை.

லாரிகளின் பழைய வகை உட்செலுத்து பம்புகள் தமிழகத்தில் நெடுங்காலம் மைக்கோ பம்பு என்றே அறியப்பட்டன. பெங்களூரைச் சேர்ந்த மைக்கோ நிறுவனத்தின் பெயர் 2008-இல் பாஷ் என மாற்றப்பட்ட பின்பும் அப்பெயர் மக்கள் வாயிலிருந்து போகவில்லை. இவற்றைக் கழற்றி அளவு திருத்துவதற்கெனப் பம்பு நாசில் கடைகள் தனியே உள்ளன.

காமன் ரயில் பொறி கிளம்ப, சுழற்றும்போதே ஏறத்தாழ 150 முதல் 200 பார் அழுத்தம் தேவை. ஸ்கேனர் இதைவிடக் குறைவாகக் காட்டினால், முதலில் வடிகட்டியையும் தாழ் அழுத்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து, இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களைத் தனித்தனிப் பாட்டில்களில் விட்டு அளக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் விரைவில் நிரம்பினால், அழுத்தம் அந்த இன்ஜெக்டர் வழியே வீணாகிறது. அளவு கட்டுப்படுத்தும் வால்வு மூன்றாவது. விலை மிகுந்த உயரழுத்தப் பம்பு நான்காவது இடத்திலேயே வருகிறது. வடிகட்டியில் பளபளக்கும் உலோகத் துகள்கள் காணப்பட்டால் மட்டும் இவ்வரிசை மாறும். அப்போது பம்பு தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது, அத்துகள்கள் இன்ஜெக்டர்களையும் எட்டியிருக்கும்.

பழைய லாரியில் செய்வதுபோல, ஓடும் காமன் ரயில் பொறியின் உயரழுத்தக் குழாயை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அட்டைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் தொடக்கத்தில் பெரிதாக இராது. எனினும் இது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயமாகும். மருந்து தடவி வீட்டுக்குப் போனவர்கள் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

எரிபொருளின் தரம்

பம்பும் மின்சாரமும் செம்மையாக இருந்தும் வண்டி ஓடாத நிலை உண்டு. அழுத்தமானி, தள்ளப்படும் நீர்மம் பெட்ரோல்தானா என்பதை அறியாது. பொதுவினியோக மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோல், டீசலுக்கும் இடையே பெரும் விலை வேறுபாடு இருந்த காலத்தில், கலப்படம் இந்தியாவெங்கும் பெருந்தொழிலாக நடந்தது. கலப்படம் செய்த விற்பனை நிலையத்துக்கு முத்திரையிட்ட இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மண்ணெண்ணெய்க்கான நடுவண் அரசின் மானியம் 2020 மார்ச்சில் முடிவுக்கு வந்ததால் கலப்படத்தின் ஆதாயம் குறைந்துள்ளது.

மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் ஆக்டேன் எண் குறைந்து பொறி தட்டும். கலப்பட டீசலில் மசகுத்தன்மை குறைவதால் உயரழுத்தப் பம்பு தேயும். நுகர்வோர் விற்பனை நிலையத்தில் வடிதாள் சோதனை கேட்கலாம்: வெண்தாளில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையின்றி ஆவியாக வேண்டும். அடர்த்தியையும் அளந்துகாட்டக் கேட்கலாம். பதிவேட்டில் உள்ள அளவுக்கும் இதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது.

இப்போது மிகுதியாகக் கவனிக்க வேண்டியது நீர். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடு முழுவதும் அவ்விகிதம் எட்டப்பட்டது. எத்தனால் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பின் வடிகட்டி வாய் இருப்பதும் அங்கேதான். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொட்டிய பெருமழைக்குப் பின் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கிளப்ப முயல்வதற்கு முன், தொட்டியிலிருந்து சிறிதளவை ஒளிபுகும் பாட்டிலில் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தொட்டி முழுவதையும் இறக்கிவிட வேண்டும். மேலே நல்ல பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்க முயல்வது பம்புக்குக் கேடு.

தயாரிப்புக் குறைகள்

பம்பே உண்மையில் குற்றவாளியாக இருந்த நிகழ்வுகளும் உண்டு. 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சம் ஊர்திகளைத் திரும்ப அழைத்தது. டென்சோ நிறுவனம் தயாரித்த பம்புகளில், எரிபொருளைத் தள்ளும் நெகிழிச் சுழல்தட்டின் அடர்த்தி குறைவாக இருந்தது. அது எரிபொருளை உறிஞ்சி உப்பி, பம்பின் சுவரில் உரசி நின்றுவிடக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. ஓடும் காரில் இது நேர்ந்தால் நெடுஞ்சாலை நடுவே பொறி அணையும். இப்பழுது உலகெங்கும் பல நிறுவனங்களைப் பாதித்தது.

இந்தியாவில் 2020 ஜூலையில் மாருதி சுசூக்கி 1,34,885 கார்களை எரிபொருள் பம்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றுள் 56,663 வேகன் ஆர், 78,222 பலேனோ. 2024 மார்ச்சில் இதே இரு வகைகளில் மேலும் 16,041 கார்கள் பம்பின் மோட்டார்க் குறைக்காக அழைக்கப்பட்டன. ஹோண்டா கார்ஸ் இந்தியா 2024 அக்டோபரில் 90,468 பழைய கார்களுக்கு இவ்வாறே அறிவித்தது. முன்னரே உதிரியாக வாங்கிப் பொருத்தப்பட்ட 2,204 பம்புகளும் இதில் அடக்கம். அதாவது, பழைய பம்பை எடுத்துவிட்டுப் பணம் கொடுத்துப் பொருத்திய புதிய பம்பிலும் அதே குறை இருந்திருக்கலாம்.

இத்தகைய திரும்ப அழைப்பில் பம்பு கட்டணமின்றி மாற்றித் தரப்படுகிறது. வண்டியின் சட்ட எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலோ கொடுத்து அது பட்டியலில் உள்ளதா என அறியலாம். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் அறிவிப்புக் கடிதம் வந்துசேர்வதில்லை. அவர்கள் தாமே சென்று கேட்க வேண்டியுள்ளது.